சனிக்கிழமை ஏற்றிய பேட்டரி

அன்று அந்த ரிமோட் வண்டி பதினோரு நிமிடம் ஓடியது என்று என் நண்பன் டெஸ் சொல்கிறான். எனக்கு அரைமணி நேரம்போல நினைவிருக்கிறது. ஒரு பேட்டரியில் அவ்வளவு நேரம் ஓடாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே மற்றவையும் நான் சொல்வதுபோலவே நடந்தன என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன் நடந்ததெல்லாம் டெஸ் பின்னால் துண்டு துண்டாகச் சொன்னது.

தன் மனைவி நோலீனை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், டெஸ் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷெட்டில் குனிந்து தோட்டாப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். பழைய பட்டாளத்து இரும்புப் பெட்டி. பேட்டரி தீப்பிடித்தாலும் உள்ளேயே அடங்கட்டும் என்று அவள் அதில் வைத்துத்தான் சார்ஜ் ஏற்றுவாள். உள்ளே ஒரு பேட்டரி இருந்தது. மேலே ஒட்டிய காகித நாடாவில் அவளுடைய சாய்ந்த எழுத்து: 'சனி. முழு.'

ஞாயிறன்று ஓட்டுவதற்காகக் காலையில் ஏற்றியிருக்கிறாள். மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். கூடையில் பாதித் துணி அப்படியே இருந்தது.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நோலீன். ரிமோட்டில் ஓடும் அந்தப் பெரிய சக்கரப் பொம்மை மான்ஸ்டர் டிரக், ஒரு நாய்க்குட்டி அளவு இருக்கும், எங்கள் ஊர் போர்ட் பிரி கிளப்பின் பரிசுக் குலுக்கலில் டெஸ்ஸுக்கு விழுந்தது. அவன் எதிர்பார்த்தது வழக்கமான பரிசு, ஒரு தட்டு இறைச்சி. எரிச்சலில் அவளிடம் தள்ளிவிட்டான். அவள் அதற்குப் பீட்ரூட் நிறம் அடித்தாள்; பெயரும் பீட்ரூட். ஞாயிறுதோறும் ரிமோட் வண்டி ஓட்டும் எங்களோடு மைதானத்துக்கு வர ஆரம்பித்தாள். பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்ததும் எஃகில் போட்டாள். ஷாக் அப்சார்பர் வளைந்ததும் அலுமினியத்தில் வாங்கினாள். மோட்டார் கருகிய அன்று எங்கள் எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி வாங்கிக் கொடுத்தாள். இரண்டு மடங்கு வேகத்தில் ஒன்று வாங்கச் சாக்கு கிடைத்துவிட்டதே!

"பேத்தி வயசுல ஆட வேண்டிய ஆட்டம்" என்பான் டெஸ்.

"உன் படகு எட்டு வருஷமா வீட்டு வாசல்ல நிக்குது. மொதல்ல அதத் தண்ணியில இறக்கு" என்பாள்.

கடைசியில், வாங்கியபோது இருந்த பாகங்களில் மிஞ்சியது பின் பம்பர் மட்டும். விரிசல் விட்ட பிளாஸ்டிக். ஒருமுறை டெஸ் பசையும் கம்பியும் வைத்துக் கட்டிக் கொடுத்தது.

"அசிங்கமா இருக்கு நோலீன், மாத்தேன்" என்றேன் ஒருநாள்.

"உன் வேலையப் பாரு கெவ்" என்றாள்.

டெஸ்ஸுக்காகத் தட்டில் சாஸேஜ் ரோலோடு நான் ஷெட்டுக்குள் போனபோது, டெஸ் பேட்டரியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"இது எத்தன நாள் தாங்கும்?"

"எது?"

"அவ ஏத்துனது. அப்படியே வெச்சிருந்தா."

பொய் சொல்லியிருக்கலாம். "வெக்கக் கூடாது டெஸ். ஏற்கெனவே ஆறு நாள் ஆச்சு. முழுசா ஏத்துனத ஓட்டிடணும். இல்லன்னா ஊதிப்போகும். தீகூடப் பிடிக்கலாம்."

"அவ கையால ஏத்துனது."

"தெரியும்."

"ஓட்டுனா போயிடுமே."

நான் தட்டை மேசையில் வைத்தேன். வெயிலில் கூரைத் தகரம் படபடவென்று முறுக்கிக்கொண்டது. சாஸேஜ் ரோல் ஆறிப்போனது.

மகள் ட்ரேசி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "அப்பா, நீயா ஓட்டப் போற? கடையில சாமான் வண்டியவே நேராத் தள்ளத் தெரியாது உனக்கு."

டெஸ் அவளைப் பார்த்தான். பிறகு ரிமோட்டை எடுத்தான்.

மைதானத்தில் புல் ஒன்றுகூட மிச்சமில்லை. டெஸ் விசையை அழுத்தியதும் பீட்ரூட் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தது.

"மெதுவாடா! அது ஒன்னும் உன் பழைய வேன் இல்ல" என்றேன்.

அடுத்து கோல் கம்பத்தில் போய் மோதியது. ட்ரேசி சிரித்தாள். சிரித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை வண்டி அவனுக்குப் படிந்தது. செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கோட்டின் தோள்களில் புழுதி படிந்தது, அவன் தட்டிவிடவில்லை.

பிறகு தூரத்துக் கோல் கம்பத்தருகே வண்டி விக்கியது. இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டது.

டெஸ் விசையை அழுத்திக்கொண்டே இருந்தான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அடிவரைக்கும் போனா பேட்டரி செத்துடும். அதனால கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே வண்டி தானா நின்னுடும்."

"மிச்சம்னா... உள்ள இருக்கா?"

"இருக்கு."

"அது அவ ஏத்துனதுதானே?"

"ஆமா டெஸ்."

அவன் ரிமோட்டை ட்ரேசியிடம் கொடுத்துவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தான். அவ்வளவு தூரமும் அவசரப்படாமல் நடந்தான். வண்டியைக் குனிந்து தூக்கி, பம்பரிலிருந்த மண்ணைக் கட்டை விரலால் தட்டினான்.

ட்ரேசி அடிலெய்டுக்குத் திரும்பிப் போனாள். மாதம் ஒருமுறை வருகிறாள். படகை டெஸ் விற்றுவிட்டான். எனக்கு முழங்கால் போய்விட்டது; நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறேன். பீட்ரூட்டுக்கு டெஸ் புதிய சக்கரங்கள் போட்டிருக்கிறான். பின் பம்பர் அதேதான். அந்தப் பேட்டரிக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் சார்ஜ் ஏற்றுகிறான். நாடாவை மாற்றவில்லை.