எருக்கஞ்செடிக்கு மாப்பிள்ளை

மருதுபாண்டி எருக்கஞ்செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டான். ஒடிந்த காம்பிலிருந்து பால் வடிந்து சிமெண்டுத் தரையில் சொட்டியது.

"ஏத்தா காளி, மஞ்சக்கயிறு எடுத்தா. பொழுது சாயுமுன்ன தூக்கிறணும்," என்றார் தனுஷ்கோடி. செத்துப்போன ராஜகுருவுக்கும் அவனுடைய அக்கா காளீஸ்வரிக்கும் அவர் பெரியப்பா, மருதுபாண்டிக்கு அப்பா. கல்யாண வீடானாலும் இழவு வீடானாலும் பந்தலுக்குள் கால் வைத்ததும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிற மனிதர்.

அவர்கள் சனத்தில் கல்யாணம் ஆகாமல் செத்த ஆண்பிள்ளையை அப்படியே அனுப்பமாட்டார்கள். செத்தவன் கையைப் பிடித்து எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டவைத்து, அதை உடனே அறுத்துப் போட்ட பிறகுதான் எடுப்பார்கள். இல்லையென்றால் ஆசை அடங்காமல் வீட்டைச் சுற்றியே கிடப்பான் என்று பயம். ராஜகுருவுக்கு நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. ஊருக்குத் தெரிந்தவரை அப்படித்தான்.

காளீஸ்வரி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பனி படர்ந்து தம்பியின் முகம் மறைவதும், அவள் முந்தானையால் துடைத்ததும் மறுபடி தெரிவதுமாக இருந்தது. புருசன் செத்து அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தம்பி மதுரையில் இருந்தான். பிறகு அவனும் கெட்டுப்போன கிட்னியோடு வந்து சேர்ந்தான். இருவரும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்து வந்தார்கள். இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் அவன் அறை.

பகல் பஸ் வந்து போன கொஞ்ச நேரத்தில், பரளச்சி ரோட்டிலிருந்து கரிசல் பாதை வழியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தரையும் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஆண்களும் பெண்களுமாக, ஒன்றிரண்டு பேராக வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் பந்தலுக்குள் வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் வெயிலில் வரிசையாக நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. நாய்கள்கூடக் குரைக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன.

"யார்றா இவிங்க? எலெக்சன் கூட்டமா?" என்று முணுமுணுத்தார் தனுஷ்கோடி.

அவர்களில் ஒரு பெண் மட்டும் பக்கத்துச் சந்து வழியாக அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். மஞ்சக்கயிறு எடுக்க உள்ளே வந்த காளீஸ்வரியிடம், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

காளீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த முகத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரல், கடைசி வார்த்தையில் லேசாகச் சிரிப்பது மாதிரி இழுக்கிற அந்தக் குரல், அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற குரல் அது.

"மாரிக்கனியா?" என்றாள்.

"ஆமாக்கா. முழங்கால் வலி எப்படி இருக்கு? எண்ணெய் போட்டீங்களா?"

விளக்கு வைக்கிற நேரத்தில் ராஜகுரு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். அவன் ஒருவன்தான் உள்ளே இருப்பான். பதில் மட்டும் வேறு வேறு குரலில் வரும். "இருக்கேன்." "இருக்கேன்." போனில்தான் கூப்பிடுகிறான் என்று காளீஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சந்துக்குள் விடமாட்டாள். பேய் கூடுற வீடு என்று பேரே ஆகிவிட்டது.

பயந்துபோய்க் கேட்ட அக்காவிடம் அவன் ஒருநாள் மறைக்காமல் சொன்னான். மதுரையில் அவன் ஏசுவை ஏற்றுக்கொண்டு, பாடகர் குழுவில் பாடி, சபையே வீடு என்று இருந்திருக்கிறான். அவன் மனசு ஆண்பிள்ளை பக்கம்தான் போகும் என்று தெரிந்ததும், பிசாசு பிடித்திருக்கிறது என்று உபவாசம் இருந்து விரட்டினார்கள். பிசாசு போகவில்லை, அவனை அனுப்பிவிட்டார்கள். அவனைப் போலவே ஆங்காங்கே வெளியே தள்ளப்பட்டவர்கள் இருந்தார்கள். ஏசுவையும் விட முடியாது, ஆசை வைத்தவரையும் விட முடியாது என்று தவித்தவர்கள். அவர்கள் போனில் கூடி ஜெபித்தார்கள். அதற்கு அவன் ஐக்கியம் என்று பேர் வைத்திருந்தான்.

"சரிப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

அந்த ஐக்கியம் வளர்ந்ததை அவள் அடுப்படியில் இருந்தே அளந்தாள். முதலில் இரண்டு ‘இருக்கேன்’தான். பிறகு ரசம் கொதித்து இறக்குகிறவரை பெயர்கள் போயின. போன பங்குனியில் சோறு வடித்து, குழம்பு வைத்து, அப்பளம் பொரித்த பின்னும் முடியவில்லை. எல்லாம் முடிந்து கடைசியாக அவன் ஒரு பெயரைக் கூப்பிடுவான். "காளீஸ்வரி." அதற்கு எந்தக் குரலும் பதில் சொல்லாது. சுவரே மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும். அவள் கரண்டியைச் சத்தமில்லாமல் சட்டி விளிம்பில் வைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். என்னதான் பார்த்து வைத்தாலும் டிங்கென்று ஒரு சின்ன ஓசை வந்துவிடும். அப்புறம் ஆமென் என்பார்கள்.

"எம் பேர எதுக்குக் கூப்புடுவான்?" என்று இப்போது மாரிக்கனியிடம் கேட்டாள்.

"வீட்டுல யாரு நம்மகூட வந்து சேர மாட்டாங்களான்னு ஏங்குறோமோ, அவங்க பேரையும் கூப்பிடுவோம்க்கா. நான் எங்கம்மா பேரச் சொல்லுவேன். அண்ணன் உங்க பேர."

வெளியே தனுஷ்கோடி குரல் கொடுத்தார். "என்னத்தா பண்ற? மாப்பிள்ளை கையப் புடிக்க ஆளு ரெடி!"

காளீஸ்வரி மஞ்சக்கயிற்றோடு வந்தாள். பெட்டியைத் திறந்திருந்தார்கள். எருக்கஞ்செடிக்கு யாரோ சிவப்புத் துணி சுற்றி, பொட்டும் வைத்துவிட்டார்கள். குளிரில் விறைத்திருந்த ராஜகுருவின் கையை மருதுபாண்டி தூக்க, அது மடங்காமல் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தார்கள். காளீஸ்வரி மஞ்சக்கயிற்றை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வேணாம் பெரியப்பா. கைய விடச் சொல்லுங்க."

"என்ன வேணாம்?"

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"யாரோட?" என்றார் தனுஷ்கோடி.

அவள் தெருவைக் காட்டினாள். அந்த வரிசைக்குப் பின்னால், தன் பைக்கை ஒட்டி, ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெகதீஸ்வரன் நின்றான். காரியாபட்டியில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். டயாலிசிஸுக்கு ராஜகுருவை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவிடுகிறவன்.

"அந்தா நிக்கிறாகள்ல, அவுகளோட."

"அவன் மெக்கானிக்குல்ல!"

"மெக்கானிக்குத்தான். இந்த வீட்டுலதான் நடந்துச்சு. சாவு வந்து பிரிக்கிற வரைக்கும்னு ரெண்டு பேரும் சொன்னத இந்தக் காதால கேட்டேன். அக்கா, கொஞ்சம் கேசரி கிண்டுறியான்னு கேட்டான். எதுக்குன்னு கேக்காம முந்திரி கூடப் போட்டுக் கிண்டிக் குடுத்தது நாந்தான்."

பந்தலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனுஷ்கோடிக்கு முகம் கறுத்துவிட்டது. "செத்தவன் மானத்த வாங்குறியேத்தா. கட்டாமத் தூக்குனா இந்த வீட்டையே சுத்திக்கிட்டுக் கெடப்பான். தெரியும்ல?"

"கெடக்கட்டும்," என்றாள் காளீஸ்வரி.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சாதிசனம் பின்னால் எழுந்து போனது. மருதுபாண்டி மட்டும் குழி வெட்டக் கொண்டுவந்த மண்வெட்டியைத் தூணில் சாத்திவிட்டுப் போனான். மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, தெரியாது.

"உள்ள வாங்க எல்லாரும்," என்று காளீஸ்வரி தெருவைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல, இவர் போனில் இருமுகிறவர், இவள் கடைசியாகச் சேர்ந்தவள் என்று அவளுக்குப் புலப்பட்டது. சுவருக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உடம்போடு வெளியே வருவது மாதிரி இருந்தது. ஜெகதீஸ்வரனுக்குத் தலைமாட்டில் தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள். அவன் உட்கார்ந்து, உள்ளங்கையால் ராஜகுருவின் நெற்றிக் குளிரைத் துடைத்தான். விடியலிலிருந்து அழாமல் இருந்தவள் அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதாள்.

மதுரைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்கள். எரிக்க வேண்டாம் என்று ராஜகுரு முன்பே பெரியப்பாவிடமும் சொல்லியிருந்ததால், அவன் பங்குக்கு வந்த கரிசல் காட்டிலேயே, அந்த மண்வெட்டியால் வெட்டி, பாட்டுப் பாடிப் புதைத்தார்கள். காளீஸ்வரியும் கூடப் போனாள். அந்த ஊரில் பெண்கள் பிணத்தோடு காட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. தடுக்கத்தான் ஆள் இல்லை.

பொழுது சாய, வந்தவர்கள் பஸ் ஏறினார்கள். இருமுகிறவரை டவுனில் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஜெகதீஸ்வரனும் வண்டியை எடுத்தான். வாசலில் எருக்கஞ்செடி சிவப்புத் துணியோடு வாடிக் கிடந்தது. விளக்கு வைக்கிற நேரம் ராஜகுருவின் அறையில் போன் அடித்தது.

"அக்கா, பஸ்ஸுல இருந்தே கூடுறோம்," என்றாள் மாரிக்கனி. "போன அவர் கட்டில்ல வச்சா போதும். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

காளீஸ்வரி கதவைச் சாத்திவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பஸ் ஹாரனுக்கு நடுவே மாரிக்கனி பெயர்களைக் கூப்பிட்டாள். "இருக்கேன்." "இருக்கேன்." ராஜகுருவின் பெயரையும் கூப்பிட்டாள். எல்லாரும் கொஞ்சம் பொறுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"காளீஸ்வரி அக்கா."

போனில் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. வீட்டில் வேறு யாரும் கிடையாது. இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், கரண்டியை யாரோ பார்த்துப் பார்த்துச் சட்டி விளிம்பில் வைத்த மாதிரி, டிங்கென்று ஒரு சின்ன ஓசை கேட்டது.

"இருக்கேன்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து.