கடைக்குட்டி இருந்த இடம்

நுண்ணோக்கியில் கண் வைத்த அக்கா உடனே தலையை எடுத்துவிட்டாள். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தூசி இல்லை, முடி இல்லை. விரிசல்தான். நகக்கண் அளவுச் சில்லின் ஒரு மூலையில் புறப்பட்டு, உலகத்தில் வேறு வழியே இல்லாததுபோல் கடைக்குட்டி இருந்த இடத்தின் மேலேயே ஓடி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

கடைக்குட்டி ஒரு குவாண்டம் புள்ளி. அணுக்கள் குவிந்து உட்கார்ந்திருக்கிற, கண்ணுக்கே எட்டாத சின்ன மேடு. கடுங்குளிரில் வைத்து லேசரால் தட்டினால் இரண்டு ஒளித்துகள்களை ஒன்றன்பின் ஒன்றாக விடும். புள்ளி அப்பழுக்கில்லாத வட்டமாக இருந்தால் அந்த இரண்டும் பின்னிப் பிணைந்தே பிறக்கும். ஒன்று எந்தத் திசையில் அதிர்கிறது என்று அளந்த மாத்திரத்தில், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதன் திசையும் தெரிந்துவிடும். புள்ளி கொஞ்சம் நீண்டிருந்தாலும் போதும், பிணைப்பு கெட்டுவிடும். சில்லில் ஆயிரக்கணக்கான புள்ளிகள், அத்தனையும் ஏதோ ஒரு விதத்தில் கோணல். கடைக்குட்டியும் கோணல்தான். ஆனால் சில்லுக்கு அடியில் ஒட்டியிருந்த படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து இதமாக அமுக்கினால், அவள் மட்டும் சொன்ன பேச்சு கேட்டு வட்டமாவாள். மற்றவை எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியில் கிடைத்ததால், இந்த ஆய்வகத்தில் அக்காவோடு வேலை பார்க்கும் தம்பி வைத்த பெயர் அது. நாளை மறுநாள் வரும் மதிப்பீட்டுக் குழுவின் கண்ணெதிரே அவளுடைய ஒளியை அளந்து காட்டினால்தான் இந்த அறை நீடிக்கும். இல்லையென்றால் பூட்டிவிட்டு இருவரையும் அனுப்பிவிடுவார்கள்.

அக்கா நிமிர்ந்தபோது மின்னழுத்தக் கருவியின் சிவப்பு எண்கள் கண்ணில் பட்டன. நேற்று அளந்த அதே உச்ச அளவு. குளிரில் அந்தப் படிகம் எதையும் தாங்கும், சூடேறும்போது தாங்காமல் வெடித்து மேலே ஒட்டிய சில்லையும் பிளந்துவிடும். அதனால் சில்லைக் குளிரில் வைத்திருக்கும் குளிர்கலத்தை நிறுத்துவதற்கு முன் மின்னழுத்தக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும். இந்த வேலைக்கு வந்தவர்கள் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். நேற்று மாலை கலத்தில் காற்றுக் கசிவு என்று நிறுத்தியவன் தம்பி. நிறுத்திக்கொண்டிருக்கும்போதே, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று மனைவியிடமிருந்து போன் வந்தது. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடினான். ஓடு, ஓடு என்று விரட்டியவளே அக்காதான்.

அவள் குமிழைத் திருப்பினாள். எண்கள் இறங்கிச் சுழியத்தில் நின்றன. ஆண்டவனே, இது பொய்யில் சேர்த்தியா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். தவறைச் சொன்னால்தானே ஒருவன் அடுத்த முறை திருந்துவான்? ஆனால் திருந்துவதற்கு அடுத்த முறை என்று ஒன்று இருக்க வேண்டுமே.

"கடைக்குட்டி முழிச்சுட்டாளா அக்கா?" தம்பி வாசலிலேயே ஆரம்பித்தான். "எங்க வீட்டு மகாராணிக்குக் காய்ச்சல் விட்டிருச்சு. விட்டதும் ராத்திரி பூரா பாட்டுக் கச்சேரி."

"சில்லு விரிஞ்சிடுச்சுப்பா."

"என் தூக்கத்தக் கலைக்க வேற பொய்யே கிடைக்கலயா உங்களுக்கு?"

அவள் நகர்ந்து இடம் விட்டாள். குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் அவன் பார்வை நேராகக் கருவிக்குத்தான் போனது. சுழியத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அக்கா, நேத்து நான் இத..."

"முகத்தக் கழுவிட்டு வா. கண்ணு ரெண்டும் எப்படிச் சிவந்து கிடக்கு பாரு."

அவன் அசைவதற்குள், அக்கா போனில் விஷயத்தைச் சொல்லியிருந்த துறைத் தலைவர் வந்துவிட்டார். அவருக்குக் குரல் உயராது. அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"எப்படிம்மா ஆச்சு?"

"படிகம் தாங்கல சார்." அது பொய்யில்லை.

"இத்தனை வருஷம் இதையே கட்டிக்கிட்டு அழுதவ நீ. கொஞ்சம் பார்த்துச் செஞ்சிருக்கக் கூடாதா?" அவர் பெருமூச்சு விட்டார். "அறை போயிடும், அதுல இனி பேச ஒண்ணுமில்ல. பக்கத்துக் குழுவுல ஒரே ஒரு இடம் இருக்கு. தம்பிக்குச் சொல்லி வச்சிருக்கேன். புள்ளகுட்டிக்காரன். உனக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அவனுக்குக் கிடைச்சாப் போதும் சார்."

அவர் போனார். தம்பி ஒரு கணம் நின்றுவிட்டு அவர் பின்னாலேயே போனான். நன்றி சொல்லப் போகிறான் என்று அக்கா நினைத்தாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்குச் சற்றே மூச்சு வந்தது. ஒரு வீட்டு அடுப்பாவது எரியும்.

திரும்பி வந்தவன் நாற்காலியை இழுத்து, உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்ன?"

"வோல்டேஜ விட்டுட்டுப் போனது நான்தான்னு. அவர் உங்க தலையில கட்டிட்டுப் போறாரு, நான் மரம் மாதிரி நிக்கிறதா?"

"அட பைத்தியக்காரா! என்ன சொன்னாரு?"

"கவனமில்லாத ஆள அவங்க சேர்த்துக்க மாட்டாங்களாம். வெளியாள் யாரையோ பார்த்துக்கிறாங்களாம்."

"அப்ப எனக்காவது...?" என்று கேட்க வந்தவள் வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். அவன் புரிந்துகொண்டான்.

"கேட்டேன்க்கா. மறைச்சதுக்கு நீங்களும் உடந்தைன்னுட்டாரு."

அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அவள் அவனுக்குச் செய்ததை அவன் அவளுக்குத் திருப்பிச் செய்துவிட்டான். நடுவில் இருந்த ஒரு கவளமும் தரையில் விழுந்தது. அன்பில் கணக்குப் பார்க்கக்கூடாது என்பவள்தான் அவள். இருந்தாலும் அழுகை வந்தது.

"பச்சப்புள்ள முகத்த நினைச்சுப் பார்த்தியாடா?"

"நினைச்சேன். அதனாலதான் போனேன்."

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். உடைந்ததில் பெரிய துண்டை எடுத்துப் புதிய தாங்கியில் ஒட்டினார்கள். அமுக்கி வட்டமாக்கப் படிகம் இல்லை. பிறவியிலேயே வட்டமான புள்ளி ஒன்று அகப்பட்டால் உண்டு. அகப்படாது என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் மற்றவருக்காகக் கைகளை ஓயவிடாமல் வைத்திருந்தார்கள். கசிவை அடைத்து, காற்றை உறிஞ்சி, குளிரேறிக் கலம் தயாரானபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது.

லேசர் ஒரு புள்ளியின்மேல் விழுந்தது. திரையில் அந்தப் புள்ளி விடும் ஒளியின் ஒற்றைக் கோடு எழுந்தது. ஒளியின் திசையைத் திருப்பும் தகட்டை அக்கா மெல்லச் சுழற்றினாள். வட்டமான புள்ளியென்றால் தகடு எப்படிச் சுழன்றாலும் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது, பிறகு வலப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். கூப்பிட்ட வீட்டுக்கு வரமாட்டேன் என்று சின்னப் பிள்ளை தலையாட்டுவதுபோல் இருந்தது.

"அடுத்ததுக்குப் போகவாக்கா?"

"போ."

புதிய கோடு ஒன்று எழுந்தது. அவள் தகட்டைத் தொட்டாள். அதுவும், அவசரமில்லாமல், இல்லை இல்லை என்று தலையாட்டத் தொடங்கியது.