பஸ்ஸின் முதல் சீட்

எங்கள் கால்பந்து கிளப்பில் பயிற்சியாளர் வேலைக்கு ஆயுசு கம்மி. அந்த ஒரு சீசனில் மட்டும் மூன்று பேர் வந்து போனார்கள். முதலாமவர் எதற்கெடுத்தாலும் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுவார். கம்ப்யூட்டருக்குள் நாங்கள் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்துக்கொண்டிருந்தோம், மைதானத்தில்தான் மண்ணைக் கவ்வினோம். இரண்டாமவர் தொண்டை கிழியக் கத்துவார். அவர் போனதும் பையன்களுக்குக் காது சரியாகக் கேட்க ஆரம்பித்தது, அவ்வளவுதான் லாபம். மூன்றாமவர் தங்கமான மனுஷன். வேறொரு கிளப் கூப்பிட்டதும் எல்லோருக்கும் கைகொடுத்து, கண் கலங்கி, சீசன் முடிவதற்கு முன்பே தங்கமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

ஒவ்வொருவர் போகும்போதும் கிளப் தலைவர் என் தம்பியைக் கூப்பிடுவார். "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோப்பா" என்பார். தம்பி துணைப் பயிற்சியாளன். "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருவான். முதலாளி வரும்வரை கடையைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி ஒரு வேலை.

நான் அணியின் பஸ் ஓட்டுகிறேன். பொம்பளை இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவாளா என்று வாயைப் பிளக்கிறவர்கள் இப்போதும் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, ஹாரன் அடிப்பேன்.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாசலை ஒட்டிய முதல் சீட் பயிற்சியாளருடையது. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், கிளப் தலைவர்கூட. பயிற்சியாளர் ஏறி உட்கார்ந்து "எடுங்க" என்று சொன்ன பிறகுதான் நான் வண்டியை நகர்த்துவேன். அதற்கு அடுத்த சீட் துணைப் பயிற்சியாளருக்கு. முன்னால் இருந்தவர் மாறிக்கொண்டே இருந்தார், தம்பி மட்டும் பல வருஷமாக அந்த இரண்டாவது சீட்டிலேயே இருந்தான். முதல் சீட் காலியாக இருக்கும் நாட்களிலும் அங்கேதான் உட்காருவான். உட்கார்ந்துகொண்டு, "போலாமா அக்கா?" என்று என்னைக் கேட்பான். அந்தக் கேள்விக்குறியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் ஆடிய காலத்திலேயே இப்படித்தான். அழகான ஆட்டக்காரன், பொய் சொல்லவில்லை. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். கோல் கம்பம் எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்கும், இவன் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பான். முட்டி போனதும் ஆட்டத்தை விட்டான். அந்தக் குணத்தை விடவில்லை.

பட்டியலில் கடைசியில் நிற்கிற அணிகள் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். நாங்கள் அந்த விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம். கீழே போனால் டிவி வராது, கூட்டம் வராது, துணி துவைக்கிறவரிலிருந்து பஸ் ஓட்டுகிற நான் வரை பாதிப் பேருக்கு வேலை இருக்காது. எனக்கு இன்னொரு பஸ் கிடைக்கும், அது பற்றிக் கவலையில்லை. என் கவலை தம்பி. அணியைக் கீழே இறக்கியவன் என்ற பெயரோடு போனால் அப்புறம் எந்த கிளப்பும் அவனை நம்பி ஓர் அணியைக் கொடுக்காது. காலம் முழுக்க ஒப்புக்குச் சப்பாணியாகவே நின்றுவிடுவான்.

அதற்குத் தகுந்த மாதிரி அவனும் ஒரு காரியம் செய்தான். இரண்டாவது பயிற்சியாளர் போன பிறகு நடந்த ஆட்டம் அது. மைதானத்தின் ஓரத்தில் எங்கள் ஆட்களுக்கான கூரைக்கடியில் வலது கோடி நாற்காலி பயிற்சியாளருடையது, அதற்கு இடது பக்கம் தம்பியுடையது. வழக்கம்போல இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. தம்பி வலது பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "சார், ஏழாம் நம்பர வெளிய எடுத்துடலாமா?" என்றான். காலி நாற்காலியிடம். சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான் வேறு.

பழக்க தோஷம். எல்லாப் பயிற்சியாளர்களிடமும் இப்படித்தான் சாய்ந்து சாய்ந்து சொல்லுவான். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "பாக்கலாம்" என்பார்கள். அன்றைக்கு நாற்காலி அதைக்கூடச் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் உள்ளேயே இருந்தான், நாங்கள் தோற்றோம். பின்வரிசையில் இருந்த மாற்று கோல்கீப்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவன் வாயில் எதுவும் தங்காது.

மறுநாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது பஸ்ஸின் முதல் சீட்டில் யாரோ ஒரு தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள். ஏறுகிற ஒவ்வொருவனும் அதற்கு வணக்கம் வைத்தான். அணியின் நட்சத்திரம் கொக்கு, ஆறடிக்கு மேல் வளர்ந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். அவன் குனிந்து தொப்பியின் காதில், "சார், எனக்கு இன்னிக்கு லீவு குடுப்பீங்களா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. தம்பியும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைப் பிடுங்கி என் சீட்டுக்கு அடியில் போட்டேன்.

"அடுத்த தடவை யாராவது இப்படிச் செஞ்சீங்கன்னா மைதானத்துக்கு நடந்துதான் வரணும்" என்றேன்.

"ஜோக்குதானே டிரைவரக்கா" என்றான் கொக்கு.

"உன் கால்ல பந்து நிக்கிறது மாதிரியா? அதுவும் ஜோக்குதான்."

அதற்கும் பஸ் சிரித்தது. ஆனால் எனக்கு ஆறவில்லை.

மூன்றாமவரும் போன பிறகு இரண்டு ஆட்டத்தில் தம்பி எப்படியோ அணியைத் தோற்காமல் இழுத்துக்கொண்டு வந்தான். மிச்சம் ஒரே ஆட்டம், வெளியூர் மைதானத்தில். தோற்றால் கீழே. டிரா செய்தால் போதும், தப்பித்துவிடுவோம்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போடுகிற மேஜைமேல் துணி மாட்டுகிற கிளிப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றான். சிவப்பு எங்கள் ஆட்கள், நீலம் அவர்கள். அவன் மனைவி ஈரத்துணி வாளியோடு என்னைப் பார்த்தாள்.

"கொடியில மாட்ட ஒரு கிளிப் இல்ல அண்ணி. எல்லாம் டிஃபென்ஸ்ல நிக்குது."

தம்பி எங்களைக் கவனிக்கவில்லை. ஓர் உயரமான சிவப்புக் கிளிப்பை எடுத்து மேஜைக்கு வெளியே வைத்தான். அந்த இடத்தில் குட்டியாக ஒன்றை வைத்தான்.

"கொக்குக்குத் தொடைல வலி இருக்குக்கா. மறைக்கிறான். செகண்ட் ஹாஃப்ல அவன எடுத்துட்டு சுண்டெலிய இறக்கினா ஓட்டம் கூடும்."

சுண்டெலி என்பது எங்கள் அணியிலேயே குட்டையான, வேகமான ஆட்டக்காரன்.

"அப்ப எடு."

"தலைவர் விடமாட்டார். கொக்கப் பாக்கத்தான் ஜனங்க வர்றாங்க, கடைசி வரைக்கும் ஆடணும்கிறார்."

"நீ உன் பக்கத்தச் சொன்னியா?"

"சொன்னேன். பாக்கலாம்னார்."

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாளைக்கு முதல் சீட்டில் உட்காருடா, கொக்கை வெளியே எடுடா, தலைவர் கிடக்கிறார் என்று கத்தியிருப்பேன். நான் கத்தினால் அவன் செய்துவிடுவான், அதுதான் பிரச்சினை. சார் சொன்னதைச் செய்கிறவன் அக்கா சொன்னதையும் செய்வான். அப்போதும் அது அவன் முடிவாக இருக்காது. வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. தம்பி ஏறினான். முதல் சீட்டின் முதுகைத் தொட்டான், தாண்டிப் போய் இரண்டாவதில் உட்கார்ந்தான்.

"போலாமா அக்கா?"

நான் ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் மடியில் கை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"நேரமாச்சுக்கா. போலாமா?"

"கோச் சொன்னா எடுப்பேன்" என்றேன். அவ்வளவுக்குத்தான் என் கட்டுப்பாடு.

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. காது மடல் சிவந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆட்டம் எனக்காகக் காத்திருக்காதே. நானே தோற்று வண்டியைக் கிளப்பினேன்.

வெளியூர் ஆட்டம் என்றால் நான் ஆட்டக்காரர்கள் வெளியே வருகிற வழியின் ஓரத்தில் நின்றுகொள்வேன். அங்கிருந்து எங்கள் ஆட்களின் முதுகு நன்றாகத் தெரியும். இடது நாற்காலியில் தம்பி. வலது நாற்காலி காலி. முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். கொக்கு ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினான். எதிரணிக்காரன் பந்தை அவன் பக்கத்தில் வைத்தே தண்ணி காட்டினான்.

இரண்டாம் பாதியில் சரிபாதி ஓடியிருக்கும். தம்பி வலது பக்கம் சாய்ந்தான். கை வாய்க்குப் போனது.

போச்சு என்று நினைத்தேன். மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன நாற்காலியிடம் கேட்கப்போகிறான். பின்வரிசையில் மாற்று கோல்கீப்பர் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்தான்.

தம்பி காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை வாயிலிருந்து எடுத்தான். எழுந்து கோட்டருகே போனான். நாலாவது நடுவரிடம் ஏதோ சொன்னான். ஆள் மாற்றும் பலகை உயர்ந்தது. வெளியே வருவது ஒன்பதாம் நம்பர். கொக்கு.

எங்கள் ஊரிலிருந்து வந்திருந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். மேலே கண்ணாடி அறையில் தலைவர் எழுந்து நின்று ஜன்னலைத் தட்டினார். கொக்கு தன்னையா என்று நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டான். ஆமாம் என்று தம்பி தலையசைத்தான். சுண்டெலி உள்ளே ஓடினான். கொக்கு வெளியே வந்து தண்ணீர் பாட்டிலை உதைத்தான், தம்பி நீட்டிய கையைப் பார்க்காமல் நேராக வந்து இடது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். தொடைக்கு ஐஸ் கட்டினார்கள்.

தம்பி திரும்பி வந்தால் அவன் நாற்காலியில் கொக்கு. காலியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கொஞ்ச நேரம் நின்றான். உட்கார்ந்தான்.

அடுத்து நடந்ததை மாற்று கோல்கீப்பர்தான் பிறகு எனக்குச் சொன்னான். நல்லவேளை, அவன் வாயில் எதுவும் தங்காது. கொக்கு கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தானாம். பிறகு வலது பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினானாம்.

"அவங்க ரைட் பேக்குக்கு மூச்சு வாங்குது. சுண்டெலிய லெஃப்ட்ல தள்ளிப் பாருங்க, கோச்."

அதுவரை தம்பியை எல்லோரும் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி "பாக்கலாம்" என்று சொல்லவில்லை. முழுசாகத் திரும்பி அவன் முகத்தைப் பார்த்து, "எப்படிச் சொல்ற?" என்று கேட்டிருக்கிறான்.

"இவ்ளோ நேரம் அவன் பக்கத்துலதானே நொண்டிட்டு இருந்தேன்."

தம்பி எழுந்து போய்க் கையைக் காட்டியதை நானே பார்த்தேன். சுண்டெலி இடது பக்கம் போனான். முதல் ஓட்டத்திலேயே அந்த ரைட் பேக் தடுப்பாட்டக்காரனைக் கோட்டை விட வைத்தான். இரண்டாவது ஓட்டத்தில் பந்தைக் கோல் முன்னால் தூக்கிப் போட்டான். நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் டிஃபென்ஸ்காரன் ஒருவனுடைய முழங்காலில் பட்டு, பந்து தள்ளாடிக்கொண்டே கோட்டைத் தாண்டியது. அவ்வளவு அவலட்சணமான கோலை நான் பார்த்ததில்லை. அதற்காக நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த காவலாளி காதைப் பொத்திக்கொண்டான்.

கடைசி நிமிஷங்களில் அவர்கள் அடித்த ஒரு பந்து எங்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. என் உயிரும் கூடவே போய்த் திரும்பியது. விசில் ஊதினார்கள். டிரா. தப்பித்துவிட்டோம்.

வண்டியை மைதானத்தின் பின்வாசலில் நிறுத்தியிருந்தேன். தம்பி ஏறப்போகும் நேரத்தில் தலைவர் வந்து அவன் தோளில் கைபோட்டார்.

"நல்லா சமாளிச்சப்பா. அடுத்த சீசனுக்குப் பெரிய ஆள் ரெண்டு பேர்கிட்ட பேசிட்டு இருக்கேன். உன் விஷயமும் பாக்கலாம்."

நான் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பாக்கலாம்னு விடாதீங்க சார்" என்றான் தம்பி. "அந்த வேலை எனக்கு வேணும். குடுக்கிறீங்களா இல்லையான்னு திங்கட்கிழமை சொல்லிடுங்க. இல்லன்னா நான் வேற எடம் தேடணும்."

தலைவர் கையைத் தோளிலிருந்து எடுத்தார். அவனை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வா. உக்காந்து பேசுவோம்" என்றார்.

அது ஆமாம் இல்லை. ஆனால் "பாக்கலாம்" என்பதும் இல்லை.

தம்பி ஏறினான். இரண்டாவது சீட்டில் கொக்கு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"தொடைல ஐஸ் கட்டியிருக்காங்க கோச். பின்னாடி கால் நீட்ட எடமில்ல. நீங்க முன்னாடி உக்காந்துக்குங்க."

பின்னால் இரண்டு வரிசை முழுக்கக் காலியாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. கொக்கை அன்று காலைவரை கரித்துக்கொட்டியவள் நான். அந்த நிமிஷம் அவனுக்கு ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக் கொடுக்கலாம் போல் இருந்தது.

தம்பி முதல் சீட்டில் உட்கார்ந்தான். பெல்ட் போட்டான். நான் மடியில் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்திருந்தேன். கேட்காதேடா, கேட்காதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எடுக்கா" என்றான்.

சாவியைத் திருப்பினேன். கண் நிறைந்து கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டேன். பின்னால் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பெரிய சாலைக்கு வந்தோம். தம்பி முன்னால் எட்டிப் பார்த்தான்.

"அந்த லாரிய ஓவர்டேக் பண்ணுக்கா. அடுத்த சிக்னல்ல லெஃப்ட்ல போனா சீக்கிரம் போயிடலாம்."

"வாய மூடிட்டு உக்காருடா" என்றேன். "இங்க நான்தான் கோச்."