புளியடியில் மிஞ்சிய நிழல்

அனலைதீவில் புளியடி என்றொரு சந்தி இருக்கிறது. புளியமரம் இல்லை. புயலடித்த வருசம் அது வேரோடு சாய்ந்தது. அடிமரத்தை ஊர்காவற்றுறையில் இறைச்சி வெட்டுகிறவர் குற்றிக்கு வாங்கிப் போனார்; கொப்புகள் அடுப்புக்குப் போயின. நிழலை ஒருவரும் கேட்கவில்லை. அது அங்கேயே கிடந்தது.

பாலசிங்கம் அதில்தான் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். காலையில் நிழல் மேற்கே கிடக்கும். ஆட்கள் குந்துகிற வாங்கை அங்கே இழுத்துப் போடுவார். பின்னேரம் கிழக்கே நகரும், வாங்கும் நகரும். ஆடுகள் வந்து, கொப்புக் கொப்பாகப் பிரிந்து, மரத்தின் வடிவிலேயே படுத்துக் கிடக்கும். இலையுதிர்கிற மாதங்களில் நிழலும் ஐதாகிவிடும். காகங்கள் மட்டும் கொப்பில் இருக்கவென்று வந்து, மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போகும்.

பாலசிங்கம் பேர்போன புளுகர். சுறாவின் முதுகில் ஏறி நெடுந்தீவுக்குச் சம்பந்தம் பேசப் போன கதையை ஊரே நம்பியிருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை இந்த நிழல்தான். அதை நம்பவைக்க வேண்டிய நாளும் வந்தது.

ஊரின் அடையாளங்களைப் பதிந்து பலகை நடுவதற்கு அரசாங்கக் கந்தோரிலிருந்து நிலக்சனா வந்திருந்தாள். பதிந்த இடங்களில்தான் இனிப் பஸ் நிற்கும். மாதா கோயில் மணி, இரட்டைக் கிணறு, போன் ரவர் மூன்றையும் எழுதிக்கொண்டாள். புளியடி விடுபட்டால் பஸ் ரவரடிக்குப் போய்விடும். அங்கே தயாபரன் குளிர்பெட்டியோடு கடை போட்டுக் காத்திருக்கிறான். பஸ்ஸுக்கு நிற்கிற சனம் குடிக்கும் தேத்தண்ணிதான் பாலசிங்கத்தின் சீவியம்.

"அண்ணை, மரம் எங்கை?"

"மரம் புயலோடை போயிட்டுது, தங்கச்சி. நிழல் நிக்குது."

"மரம் இல்லாமல் நிழல் என்னெண்டு நிக்கும்?"

"அதைத்தான் நாங்களும் பாத்துக்கொண்டிருக்கிறம்."

அடுத்த வளவுச் சறோஜினிதேவி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "பிள்ளை, பின்னேரமெண்டால் அந்த அறுவான் நிழல் என்ரை வீட்டு முத்தத்துக்கை வந்து விழுந்து படுக்குது. காயப்போட்ட மிளகாய் எல்லாம் பூஞ்சணம். அதையும் ஒருக்கா எழுதிவிடும்!"

நிலக்சனா போனில் படம் எடுத்தாள். படத்தில் வெள்ளை வெயிலும் வாங்கும் மட்டுமே இருந்தன. "பாருங்கோ, ஒண்டுமில்லை. இதை நான் எழுத ஏலாது."

"போனுக்குக் கால் இல்லைத்தானே. நீர் செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லும்."

நின்றாள். றோட்டு மணல் பொரிந்துகொண்டிருந்தது. அந்த இடம் மட்டும் கோயில் உள்வீதிபோலக் குளிர்ந்தது. ஒரு நிமிசம் என்று வாங்கில் இருந்தாள். கடற்காற்று வந்தது. தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், சின்னச் சின்ன இலைகள் சலசலத்தன. தூரத்துக் கடல் ஒரு சாமத்துக்கு ஒருதரம் மூச்சுவிடுவதுபோல இருந்தது. படிவம் மடியிலிருந்து வழுக, தன் தலைமயிரில் விழுந்த இலையொன்றைத் தட்டிவிட்டுக்கொண்டே அவள் நித்திரையாகிப் போனாள்.

இரண்டு மணிக்குப் படகு. பாலசிங்கம் யோசித்தார். எழுப்பினால் அவளுக்குப் படகு கிடைக்கும். தனக்குக் கடை போய்விடும். மனச்சாட்சி உள்ள மனிதர் என்பதால் எழுப்பத்தான் செய்தார். ஒரே ஒருதரம், மிகவும் மெதுவாக, ஆட்டைப் பார்த்து, "தங்கச்சி" என்றார்.

அவள் கண் விழித்தபோது இரண்டரை. முகத்தில் வெயில் பட்ட அடையாளமே இல்லை. கன்னத்தில் மட்டும் வாங்குப் பலகையின் கோடு.

"ஐயோ, படகு!"

"அடுத்தது அஞ்சு மணிக்கு. தேத்தண்ணி ஊத்தட்டோ?"

அவள் எழும்பினாள். சுற்றிலும் எரிந்த வெளியைப் பார்த்தாள், தன் குளிர்ந்த கைகளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு நுனியைப் பாலசிங்கத்திடம் கொடுத்து, வெறுங்காலால் தடவித் தடவி நடந்தாள். குளிர் எங்கே முடிந்ததோ அங்கே நின்றாள். அங்கேயே குந்தியிருந்து படிவத்தில் எழுதினாள்:

"மரம்: இல்லை. நிழல்: உண்டு. நீளம்: பன்னிரண்டு மீற்றர், பிற்பகல் இரண்டரைக்கு. பஸ் தரிப்பு: புளியடி."

பாலசிங்கம் கண்ணாடியைப் போட்டு அதை இரண்டு தரம் வாசித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"குறைச்சுப் போட்டீர், தங்கச்சி. நீர் எழுதி முடிக்கிறதுக்குள்ளை அது வேலியைத் தாண்டீட்டுது."

வேலிக்கு அங்காலே சறோஜினிதேவி வைது வைது மிளகாய்ப் பாயை இழுக்கிற சத்தம் கேட்டது.