கைமுறை வரிசை

பதினேழாயிரத்து முந்நூற்று நாற்பது. குழாய்ச் சாமான் கிடங்கில், மூன்றாம் வரிசையில் பெட்டி எடுக்கும் சிலேட்டு என்பவர் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. மாதம் முந்நூற்று நாற்பது வீதம் சம்பளத்தில் பிடித்தால் ஐம்பத்தோரு மாதத்தில் தீரும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதாவது நாலு வருஷம், மூன்று மாதம். சிலேட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நடுவுல நான் செத்துட்டா மிச்சம் லாபம்" என்று கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்து மூன்று வயதில் வேலை முடிந்த கையோடு முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவர். அக்குளில் சிலேட்டோடு போனதைக் கிடங்கில் ஒருத்தன் பார்த்துத் தொலைத்தான். அன்றைக்கே சொந்தப் பெயர் போச்சு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை.

கடன் வந்த கதை சின்னது. முதலாளி நாலு கோடியைக் கொட்டி சிஸ்டம் ஒன்று வாங்கினார். ஆளுக்கொரு ஸ்கேனர் கொடுத்தார்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும், எந்த வழியாக நடக்க வேண்டும், எத்தனை நிமிஷத்தில் திரும்ப வேண்டும் என்று அதுதான் சொல்லும். கக்கூசுக்குப் போனால் செயலற்ற நேரம் என்று எழுதிக்கொள்ளும். ஒரு நாள் சிலேட்டு ஏணியில் நிற்கும்போது வால்வுப் பெட்டி ஒன்று சரிந்தது. இருப்பது இரண்டு கை. ஒன்று ஏணியில், இன்னொன்றில் ஸ்கேனர். பெட்டி விழுந்தால் கீழே நிற்கிறவன் மண்டை தப்பாது. ஸ்கேனரை விட்டார், பெட்டியைப் பிடித்தார். ஸ்கேனர் நல்ல உழைப்பாளி, விழுந்தும் உடையவில்லை. ஆனால் விழுந்த இடத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் வந்து சேர்ந்தது. ஓட்டியவன் சிலேட்டின் சொந்த மச்சான், மனைவியின் தம்பி.

"கீழ பார்த்து ஓட்ட மாட்டியா?"

"நீங்க விழுறீங்களோன்னு மேல பார்த்தேன் மாமா. பாசம் ஒரு தப்பா?"

"பாசத்துக்கு மூணு டன் எடை எதுக்குடா?"

பழியை மச்சான் தலையில் போட்டிருக்கலாம். போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. சிலேட்டு தானே ஏற்றுக்கொள்ள, ஸ்கேனர் விலை அவர் பேரில் பாக்கியாக ஏறியது. மச்சானும் மனசு கேட்காமல் தன் பங்குக்கு இருநூறு கொடுத்தான். அடுத்த வாரம் அவசரம் என்று அதையும் திருப்பி வாங்கிக்கொண்டான்.

புது ஸ்கேனர் வரவில்லை. கருவி இல்லாத வரிசையைச் சிஸ்டம் ஒதுக்கிவைத்து, அதன் தலையில் 'கைமுறை' என்று எழுதிவிட்டது. மூன்றாம் வரிசைக்கு மட்டும் பட்டியல் காகிதத்தில் அச்சாகி வந்தது. எத்தனை சாமான் போனது என்று சாயங்காலம் ஒரு எண்ணைச் சொன்னால் போதும். எப்படி நடந்தார், எங்கே நின்றார் என்று கேட்க நாதியில்லை. சிலேட்டுக்கு மாமியார் வீட்டைவிட்டுத் தனிக்குடித்தனம் வந்தது போல இருந்தது.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஆயிரத்து முந்நூற்று அறுபது பிடித்துவிட்டார்கள். அப்போதுதான் மனைவியின் கண்ணுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்தது. இருபது நாள் கழித்து. கூடவே பத்து நாள் ஒருத்தர் இருந்து, இரண்டு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எட்டு மாதம் கழித்து. அதுவரை கண் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிலேட்டு கிடங்கு வாசலில் இருந்த திரையில் லீவு கேட்கப் போனார். லீவு பட்டன் சாம்பல் பூத்துக் கிடந்தது. குத்திப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், அசையவில்லை. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தார்: கருவிப் பாக்கி உள்ளவருக்கு விடுப்பு இல்லை.

நேரே கண்ணாடி அறைக்குப் போனார். கிடங்கிலேயே ஏசி இருக்கும் ஒரே அறை அதுதான். ஏசி சர்வருக்கு. அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார் சிஸ்டத்தைக் கவனிக்கும் இளைஞர். எதைக் கேட்டாலும் அடுத்த அப்டேட்டில் வரும் என்பார், அதனால் அவர் பெயர் அப்டேட்டு.

"சார், பாக்கிய மாசா மாசம்தான் பிடிக்கிறீங்களே. லீவை ஏன் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"நான் பிடிக்கல அண்ணே. அது விதி. சிஸ்டத்துலயே இருக்கு."

"நீங்க கொஞ்சம் தள்ளிவிட முடியாதா?"

"தள்ளிவிட பட்டன் கிடையாது. அடுத்த அப்டேட்டுல கேட்டிருக்கேன்."

"அது எப்ப வரும்?"

"அடுத்த வருஷம்."

"சொல்லாம கொள்ளாம போனா?"

"மூணு நாள் வரலன்னா பேரைத் தானா அடிச்சிரும் அண்ணே. அதை நிறுத்தவும் பட்டன் இல்ல."

நாலு கோடிக்கு வாங்கிய சாமானில் வேண்டிய பட்டன் ஒன்றுகூட இல்லையே என்று சிலேட்டு வாய்க்குள் முனகிக்கொண்டே திரும்பினார். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியுறது ஒத்தக் கண்ணு. அதுல நாள் பூரா உங்க மூஞ்சிதான். அந்தக் கண்ணும் போனாப் போகட்டும், நிம்மதி."

"ஏன்டி இப்படிப் பேசுற?"

"பின்ன? மனுஷன் உடைச்சதுக்கு மிஷின் கோவிச்சுக்குது, அதுக்கு நான் குருடாகணுமா? அந்த மிஷினை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்."

உடைத்தது அவள் தம்பி என்பதை சிலேட்டு அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்டேட்டே மூன்றாம் வரிசைக்கு வந்தார், கையில் டேப்லெட்டோடு. கண்ணாடி அறையைவிட்டு அவர் வெளியே வந்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். மச்சான் ஃபோர்க்லிஃப்டை அணைத்துவிட்டு, அணைத்ததற்குக் காரணம் தேடுகிறவன் போல டயரை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மத்த வரிசையெல்லாம் மணிக்குப் பத்தொன்பது சாமான். உங்க வரிசையில முப்பத்தொன்னு. நாலு மாசமா இப்படி. என்ன பண்றீங்க?"

"ஒன்னும் பண்ணல சார்."

"பொய்க் கணக்கு சொல்றீங்களோன்னு லாரிச் சீட்டோட ஒத்துப் பார்த்தேன். சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு."

மச்சான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான், சொல்லாதே என்று. அவன் பயத்தில் நியாயம் இருந்தது. பெட்டியை இடம் மாற்றினால் ஒரு பெட்டிக்கு ஐம்பது அபராதம். சிலேட்டு மாற்றியது நானூற்றுச் சொச்சம். சொன்னால் பாக்கி இன்னொரு இருபதாயிரம் ஏறும். சொல்லாவிட்டாலோ தேதி போய்விடும். சொச்சத்தை மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு சிலேட்டு கேட்டார்:

"உங்களுக்கு அது எதுக்கு சார் இப்ப?"

அப்டேட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவர் கதை அதைவிடப் பாவம். நாலு கோடிக்குப் புதுசாக என்ன வந்தது என்று காட்டச் சொல்லி முதலாளி கூட்டம் வைத்திருக்கிறார், நாளை மறுநாள். காட்டாவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். தொழிலாளிகளின் யோசனைகளைச் சேர்க்க 'புதுமைப் பெட்டி' என்று சிஸ்டத்தில் ஒரு பகுதி வைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் அதில் விழுந்தது மூன்றே யோசனை. இரண்டு, குழாய்க் கிடங்கின் கக்கூசிலேயே குழாய் ஒழுகுகிறது என்ற புகார். மூன்றாவது, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க அப்டேட்டே போட்டது.

"சொன்னா என் பாக்கியக் கழிப்பீங்களா?" என்றார் சிலேட்டு. "பாக்கி போனா லீவு பட்டன் உசிர் பெறும். இடம் மாத்துன அபராதமும் கூடாது."

"கழிக்கிறேன் அண்ணே. எப்படின்னு தெரியாது, கழிக்கிறேன்."

சிலேட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வரிசைக்குள் நடந்தார். குழாய் வேலைக்காரன் எவனும் குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போ மட்டும் வாங்கிப் போவதில்லை. எல்போ, சாக்கெட், வாஷர், வெள்ளை டேப், நாலும் சேர்ந்துதான் போகும். சிஸ்டம் எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னதில் எல்போ ஒரு கோடியிலும் டேப் மறு கோடியிலும் கிடந்தன. இடையில் அறுபது தப்படி தூரம். கைமுறை என்று ஆன பிறகு கேட்பாரில்லை. சிலேட்டு சேர்ந்து போகிறதையெல்லாம் சேர்த்து வைத்தார். கனமானதை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். பதினோரு இலக்க எண்ணை யார் நினைவு வைப்பது, தூணுக்குத் தூண் சாக்பீஸால் க, ங, ச என்று எழுதிவிட்டார். 'ங'வுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுநேர வேலை கிடைத்தது.

அப்டேட்டு தூணையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது பெரிய புதுமை அண்ணே."

"சோம்பேறித்தனம் சார். முட்டி வலி. அவ்வளவுதான்."

"முன்னாடியே ஏன் செய்யல?"

"செய்ய விட்டீங்களா? ஒரு பெட்டிய நகர்த்துனா கையில இருக்குறது கத்தும். அது செத்த பிறகுதானே எனக்கு யோசிக்க நேரம் கிடைச்சுது."

கண்ணாடி அறையில் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சிலேட்டின் கணக்கைத் திறந்ததும் அப்டேட்டின் முகம் தொங்கியது. கடனைப் பிடிக்க இடம் இருந்தது, கூட்ட இடம் இருந்தது, கழிக்க இல்லை. வேறு செலவுத் தலைப்புக்கு மாற்ற மட்டும் முடியும். நூற்றுக்கும் மேல் தலைப்புகள். அப்டேட்டு விரலால் சர்ரென்று தள்ளினார். ஒன்றும் தோதாக இல்லை என்றார்.

"மெதுவா சார். நான் இன்னும் மூணாவது வரியிலதான் இருக்கேன்."

சிலேட்டுக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு வரியாக, வாய் அசைய, எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். மேசை நாற்காலி. எலி மருந்து. விருந்தினர் காப்பி. அப்டேட்டு மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எண்பதாவது வரியோ என்னவோ, சிலேட்டு விரலை ஊன்றினார்.

"பரி... சோதனையில்... சேதமான... கருவி. இது என்ன சார்?"

அப்டேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுமை ஆய்வுக்கு என்று வருஷத்துக்கு முப்பது லட்சம் ஒதுக்கியிருந்தார்கள். ஆய்வு எதுவும் நடக்காததால் ஒரு பைசாகூடத் தொடப்படவில்லை. ஸ்கேனர் உடைந்தது ஒரு பரிசோதனை என்று எழுதினால் கடன் அந்தக் கணக்குக்குப் போகும். முதலாளி கையெழுத்து மட்டும் வேண்டும்.

அதே கண்ணாடி அறையில் நடந்த கூட்டத்துக்குச் சிலேட்டையும் கூட்டிப்போனார்கள். முதலாளி பைப் வியாபாரத்தில் நரைத்தவர், மேசை மேல் இருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தார், தூணின் படத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"ஆக, சிஸ்டம் வேலை செய்யுற இடத்துல பத்தொன்பது. வேலை செய்யாத இடத்துல முப்பத்தொன்னு."

"அப்படியும் சொல்லலாம் சார்" என்றார் அப்டேட்டு. "வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சது சிஸ்டம்தான்."

"கண்டுபிடிக்க நாலு கோடி. சரி. இன்னும் எத்தனை ஸ்கேனர் இருக்கு?"

"நாற்பத்தாறு."

"அதுல பத்தை உடைச்சுப் பார்ப்போமா?"

அப்டேட்டுக்கு வேர்த்துவிட்டது. அந்த ஏசியிலும்.

"உடைக்க வேண்டாம் முதலாளி" என்றார் சிலேட்டு. "வாரத்துல ஒரு நாள் அணைச்சு வச்சா போதும். அவனவன் வரிசைய அவனவன் ஒழுங்கு பண்ணிக்குவான். அப்புறம் அந்த இடத்தையே சிஸ்டத்துல ஏத்திக்கலாம்."

முதலாளி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அந்தப் பரிசோதனைய யார் செஞ்சது, ஸ்கேனர் மேல வண்டி ஏத்துனது?" என்றார்.

"என் மச்சான்."

"அவனுக்கு ஏதாவது கொடுக்கணுமா?"

"வேண்டாம் முதலாளி. பழகிருவான்."

கையெழுத்து விழுந்தது. அப்டேட்டு அங்கேயே பட்டனைத் தட்டினார். சிலேட்டு லீவு கேட்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, காரணம் என்ற கட்டத்தில் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: மனைவிக்குக் கண். பத்து நாள். உடனே சரி என்று வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு நரைச்சிருச்சா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள். சிலேட்டு மருந்துப் புட்டியைக் குலுக்கி, "மேல பாரு" என்றார்.

மாதம் பிறந்து சம்பளச் சீட்டு வந்தது. பிடித்திருந்த ஆயிரத்து முந்நூற்று அறுபது திரும்பி வந்திருந்தது. மிச்சப் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதும் புதுமை ஆய்வுச் செலவாகப் போயிருந்தது. கருவிப் பாக்கி என்ற வரியில் ஒரு பூஜ்யம். சிலேட்டு அதை எழுத்துக் கூட்டாமலே படித்தார்.