எட்டு அறை வாசகசாலை

முதுநகர் மீன் கடைத்தெருவை ஒட்டிக் கிடந்த காலி மனையை அரிசி மில் அப்துல் ஹக் பாய் ஊருக்கு எழுதிக் கொடுத்தார். அதில் என்ன கட்டலாம் என்று நற்பணி மன்றத்துப் பெரிய மனிதர்கள் ஆறு மாதம் காபி குடித்து யோசித்தார்கள். ஒன்றும் தோன்றவில்லை. "பிள்ளைங்களே வரைஞ்சு குடுக்கட்டும்" என்று எங்கள் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்டினார்கள். அது 1965. நான், ராஜாமணி, ஒன்பதாம் வகுப்பு.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் நீரூற்று வரைந்தார்கள். குழாயடியில் ஒரு குடம் தண்ணீருக்குக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கிற ஊரில் நாற்பது நீரூற்று.

நான் பெண்களுக்குக் கக்கூஸ் வரைந்தேன். எட்டு அறைகள். ஆள் உயரத்துக்கு மேலே சின்ன சன்னல், வாசலை மறைத்து ஒரு சுவர், சரிவான தரை, பின்னால் கால்வாய்.

காரணம் என் அம்மா ஆரோக்கியம்மாள். விடியற்காலை முதல் பொழுது சாயும்வரை அந்தத் தெருவில்தான் மீன் விற்றாள். ஆண்களுக்கு உப்பனாறு பக்கம் திரும்பி நின்றால் போதும். அம்மாவுக்குப் போக இடமில்லை, அதனால் பகலில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இரண்டு வருடமாக நீர்க்கடுப்பு. அந்த மாதம் கூடைமேலேயே மயங்கி விழுந்தாள். மஞ்சக்குப்பத்து டாக்டர், "தண்ணி குடிக்கலன்னா கிட்னி போயிடும்மா" என்றார்.

"குடிச்சா எங்க சார் போறது?" என்றாள் அம்மா. டாக்டர் அதற்கு மருந்து எழுதவில்லை.

டிராயிங் மாஸ்டர் சுப்புராயன் சாருக்கு என் படத்தைப் பார்த்ததும் காது சிவந்துவிட்டது.

"பொம்பளப் புள்ள எழுதற வார்த்தையாடி இது?"

வேறு படம் வரைய நேரமில்லை, அன்று சாயங்காலமே மன்றத்தில் கொடுக்க வேண்டும். ரப்பரை எடுத்து 'பெண்கள் கக்கூஸ்' என்ற எழுத்தை மட்டும் அழித்தார். மானம் காப்பாற்றப்பட்டது. கட்டடம் பெயரில்லாமல் நின்றது.

மன்றத் தலைவர் பொன்னுரங்கம் கயிறு வியாபாரி, எல்லாம் தெரிந்தவர். மாஸ்டரும் நானும் கொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டு தனி ரூம்பு. சன்னல் ஒசரத்துல இருக்கு, வேடிக்கை பாக்க முடியாது. கவனமா படிக்கலாம். வாசகசாலதான மாஸ்டர்?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நீரூற்றுதான் வரும். "பொம்பளைங்களுக்குங்க" என்றேன் நான்.

"தரை ஏன் சரிவு?"

"கழுவி உட சுலுவா இருக்கும்ங்க."

இரண்டுமே பொய்யில்லை. எனக்கே முதல் பரிசு.

நான்கு மாதம் வேலை நடந்தது. எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்து, பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அங்கே போய் நின்றேன். கண்டுபிடித்தவர் மேஸ்திரி உத்திராபதி ஒருவர்தான்.

"பாப்பா, முப்பது வருசமா செவுரு வெக்கறேன். வாசகசாலைக்கு எவனும் கால்வா வெட்ட மாட்டான்."

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கால்வாயை இன்னும் ஓர் அடி ஆழமாக வெட்டினார்.

திறப்பு விழாவில் எட்டு அறையிலும் எட்டு முக்காலி, எட்டு செய்தித்தாள். பொன்னுரங்கம் பெண் கல்வியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசி ரிப்பனை வெட்டினார். அதற்காகவே காத்திருந்த அம்மா, கூடையைப் பக்கத்துக் கடை அமராவதியிடம் விட்டுவிட்டு, சொம்புத் தண்ணீரோடு உள்ளே போனாள்.

"பாத்தீங்களா, மீன் விக்கறவங்களுக்கே படிப்பு ஆசை வந்துடுச்சு" என்று தலைவர் கை தட்டினார். கூட்டமும் தட்டியது. முதலில் முக்காலி வெளியே வந்தது, அதன்மேல் மடித்து வைத்த செய்தித்தாள். கதவு சாத்திக்கொண்டது. கைதட்டல் ஓய்ந்த நேரம் பார்த்துப் பின்னால் கால்வாயில் தண்ணீர் ஓடியது.

தலைவருக்குப் புரிய சற்று நேரமாயிற்று. அதற்குள் வாசலில் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"அசிங்கம். மொதல்ல இழுத்து மூடுங்கய்யா" என்று கத்தினார் தலைவர்.

யார் போய் மூடுவது? உள்ளே பெண்கள். மன்றத்து ஆண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். அமராவதி அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைவர் முன்னால் போட்டாள்.

"நீ இங்கியே குந்தி படி மாமா. நாங்க ஒண்ணும் சொல்லல."

அப்துல் ஹக் பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எடம் நான் குடுத்தது. இருக்கட்டும்" என்றார். அவர் தோள் குலுங்கியது.

அம்மா வெளியே வந்தாள். நேரே டீக்கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டாள். உச்சி வெயிலில், நடுத்தெருவில், அண்ணாந்து ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்று வாங்கிக் குடித்தாள். பகலில் என் அம்மா தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பரிசு வாங்கும்போது வராத அழுகை அப்போது வந்தது.