தூரத்து வீட்டுக்குக் கதவு கிடையாது

மூன்று மின்கம்பங்களும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் காணாமல் போன வாரத்தில் மின்சாரமோ தண்ணீரோ தடைபடவில்லை. அதனால் யாரும் புகார் கொடுக்கவில்லை. மாடி அறையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஜன்னலுக்கு எதிரே தெரிந்த மலைச்சரிவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். படத்தில் அவர் வரையாமல் விட்டதெல்லாம் சரிவிலும் இல்லாமல் போயிற்று.

வாரம் ஒருமுறை வந்து ஓவியம் கற்பித்தவர் தன்னை ஆசான் என்றே அழைக்கச் சொல்வார். அவருடைய ஒரே கண்காட்சி ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடந்தது. வெள்ளை, மஞ்சள் காவி, செங்காவி, நீலம் என்று நாலே டியூப். ஐந்தாவது வாங்குகிறவன் வியாபாரி என்பார். தேவையில்லாததைத் தூக்கவேண்டும் என்பது அடுத்த சட்டம். ஒருநாள் படத்தில் சரிவின் நடுவே இருந்த ஒற்றை வீட்டைக் காட்டி, "இது கண்ண உறுத்துது சார், தூக்கிடுங்க" என்றார்.

அது குமாஸ்தாவின் தம்பி வீடு. அப்பாவின் கைக்கடிகாரம் யாருக்கு என்று தொடங்கி, ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. கடிகாரம் நின்றே எட்டு வருடம். ஆனால் தினமும் காலையில் தம்பி வாசலுக்கு வந்து பாயை உதறி, இந்த ஜன்னலுக்குக் கேட்கும்படி ஒருதரம் கனைப்பார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் தேநீர் குடிப்பார். என்ன செய்வது, முப்பத்தாறு வருடம் மேலதிகாரியின் குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போட்ட கை. கத்தியால் வீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டது.

மறுநாள் சரிவு சுத்தமாக இருந்தது. கனைப்பு வரவில்லை. தேநீர் ஆறி ஏடு படிந்தது. குமாஸ்தா போய்க் கேட்டதற்கு, அங்கே வீடு இருந்ததற்கு ஆதாரமில்லை என்று நகராட்சி உடனே எழுதிக்கொடுத்தது. ஆசான் படத்துக்கு 'மௌனம்' என்று பெயர் வைத்தார்.

பதினோராம் நாள், ஆசான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குமாஸ்தா சுவருக்கு ஒரு தீற்று, கூரைக்கு ஒரு தீற்று என்று வீட்டைத் திரும்ப வைத்தார். எதிரே வீடு வந்து நின்றது. உள்ளிருந்து தட்டும் சத்தமும் வந்தது.

"தூரத்து வீட்டுக்குக் கதவு கிடையாது சார். போட்டீங்கன்னா படம் செத்துச்சு."

"போடலைன்னா என் தம்பி செத்தான்" என்றார் குமாஸ்தா. மேலதிகாரியை அவர் எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை என்பதால் தூரிகை நிற்காமல், கதவு கூரைவரை போய்விட்டது.

தம்பி அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"டேய், காய ஒரு வாரம் ஆகும், தொடாத" என்று அண்ணன் ஜன்னலிலிருந்து கத்தினார்.

"இப்ப வந்து சொல்றே. கையெல்லாம் ஒட்டுது."

அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை கனைப்பு கேட்டது. தேநீர் சூடாக இருந்தது. அந்தக் கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது என்று தபால்காரர் மட்டும் இன்றுவரை முணுமுணுக்கிறார்.